இருபத்தொன்பதாம் அட்டை

என் தங்கை எங்கள் அலுவலகப் படியேறி வந்த அன்று, பத்தொன்பது வருஷமாக எனக்கு ஒரு தலையசைப்புக்கூடத் தராத வாயில்காப்பாளர் எழுந்து நின்று அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். நான் அவளுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். அவள் நுழைந்ததும் கதவை விட்டுவிட்டார். அது வந்து என் முழங்கையில் இடித்தது. அன்றைக்குத்தான் தொடங்கியது என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு மறுபடி தொடங்கியது.

அவள் ஓர் அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை. நான் கல்வித்துறையில் விதிப் பிரிவின் கண்காணிப்பாளர். அரசுப் பள்ளிகளுக்கென்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. மணி எப்போது அடிக்க வேண்டும், கழிப்பறைக்குக் கதவு எத்தனை அடி உயரம், வருகைப் பதிவேட்டை யார் பூட்டி வைப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. அதன் இரண்டாம் பிரிவுக்குப் பெயர் சொற்பொருள் விளக்கம். ‘மாணவர்’ என்றால் யார், ‘பள்ளி வளாகம்’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ‘பணிநாள்’ என்றால் எது என்று அறுபத்தொரு சொற்களுக்கு அங்கே பொருள் சொல்லியிருக்கும். அகர வரிசையில், எண் போட்டு. அந்த அறுபத்தொன்றும் என் பொறுப்பு.

கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும், தெரியும். ஆனால் மழை வலுத்து இரண்டாம் பாடவேளையோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால் அது பணிநாளா இல்லையா என்று கேட்டு வருஷத்துக்கு நாற்பது கடிதம் வந்துகொண்டிருந்தது. நான் ஒரே ஒரு வாக்கியம் எழுதிச் சேர்த்தேன். அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூட வரவில்லை. இதற்காக யாரும் எனக்கு எழுந்து நின்று கதவு திறக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். மற்ற அத்தியாயங்களில் அந்தச் சொல்லையே எழுத மாட்டார்கள். ‘விளக்கம் 29-இல் சொல்லப்பட்டவர்’ என்பார்கள். ஒருத்தர் இலக்கத்தில் எழுதுவார், ஒருத்தர் எழுத்தால் எழுதுவார், இன்னொரு புண்ணியவான் ‘மேற்சொன்னதற்கு அடுத்த விளக்கம்’ என்று எழுதிவைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போயிருப்பார். கணினியில் தேடினால் பாதிகூட அகப்படாது. அதனால் நான் வந்த வருஷமே ஒரு செருப்புப் பெட்டியில் அட்டைகள் போட ஆரம்பித்தேன். சொல்லுக்கு ஓர் அட்டை. அந்தச் சொல் எந்தெந்த விதியில் எட்டிப் பார்க்கிறது என்று வரிசையாகக் குறிப்பு, ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் தேதி. தேதி இல்லாத குறிப்பு குறிப்பே அல்ல என்பது என் கொள்கை. பிரிவில் எல்லோரும் ‘அக்காவோட செருப்பு’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தொகுப்புக்குப் புதுப் பதிப்பு கொண்டுவரப் போகிறோம் என்றார் இயக்குநர். இரண்டாம் பிரிவைத் திருத்தி எழுத ஒருவர் வேண்டும். என்னைத்தான் கூப்பிடுவார் என்று நான் என் மேசையைத் துடைத்துக்கூட வைத்தேன். அவர் ஒரு கருத்தரங்கில் என் தங்கை பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். களத்தில் இருப்பவர் எழுதினால் உயிர் இருக்கும் என்றார். எனக்குக் கொடுத்த வேலை, அவள் எழுதுவதைச் சரிபார்ப்பது.

வீட்டில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“சின்னவ உங்க ஆபீசுக்கு வரப்போறாளாமே. நல்லதாப் போச்சு, உனக்கும் ஒரு தெம்பா இருக்கும்.”

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். என் அலுவலகம் எத்தனையாவது மாடி என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

முதல் கூட்டத்திலேயே தங்கை எல்லோரையும் கைக்குள் போட்டுக்கொண்டாள். ‘மாணவர்’ என்ற சொல்லுக்கு எங்கள் விளக்கம், கணக்கெடுப்பு நாளன்று பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்பது. அதன்படிதான் புத்தகம், பெஞ்சு, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம். பாதி வருஷத்தில் வந்து சேரும் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், கணக்கில் இருக்காது. அவர்களுக்கென்று ‘இடைச்சேர்க்கை மாணவர்’ என்று ஒரு புதுச் சொல் வேண்டும், அவர்களுக்கும் எல்லாம் கிடைக்க வேண்டும் என்றாள் அவள். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

“எங்கப்பா ரோடு போடற வண்டி ஓட்டினார். ரோடு முடிஞ்சா ஊர் மாறணும். எங்க அக்கா பத்து வயசுல பாதி வருஷத்துல போயிச் சேர்ந்தா. நாலு மாசம் புத்தகம் கிடையாது, பெஞ்சு கிடையாது. தரையில உக்காந்து பக்கத்துப் பிள்ளையோட புத்தகத்தப் பாத்துக் கையால எழுதி எழுதிப் படிச்சா.”

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சட்ட ஆலோசகர் உச்சுக்கொட்டினார். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. அதே ஊரில், அதே பள்ளியில், இவளுக்கு ஒன்றாம் வகுப்பு டீச்சர் தன் சொந்தப் புத்தகத்தையே தூக்கிக் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்தது நான். கைதட்டு வாங்கியது இவள்.

அதைவிட ஒன்று இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்பு இதே யோசனையை நான் ஒரு குறிப்பாக எழுதி மேலே அனுப்பினேன். அப்பா, ரோடு, தரை எதுவும் அதில் இல்லை. அலுவலக பாணியில் ஒன்றரைப் பக்கம். ‘தேவை எழவில்லை’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தாளை நான் யாரிடமும் காட்டவில்லை. என் மேசையின் கடைசி இழுப்பறையில் கிடந்தது. கூட்டம் முடிந்து வந்து அதை எடுத்துப் படித்தேன். என் வாசகம் அவளுடையதைவிட நன்றாகவே இருந்தது. அது இன்னும் எரிந்தது.

ஒன்பதாம் தேதி அவள் வரைவை முடித்துக்கொண்டு, இரண்டு டீயையும் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, சூடா இருக்கு, குடி. நீ பாத்துட்டா எனக்கு நிம்மதி.”

பார்த்தேன். புதுச் சொல் ஏழாவதாக நுழைந்திருந்தது. பழைய ஏழு எட்டாகி, எட்டு ஒன்பதாகி, கடைசி வரைக்கும் எல்லாம் ஒவ்வொரு படி இறங்கியிருந்தன. பழைய பதிப்பாக இருந்தால் ‘ஆறு-அ’ என்று ஒட்டுப்போட்டு முடித்திருப்போம். இதில் ஒட்டே கூடாது, எண் நேராக ஓட வேண்டும் என்று, விதிகளுக்கு ஒப்புதல் தர வேண்டிய சட்டசபை போன தடவையே திருப்பி அனுப்பியிருந்தது. அப்படியானால் மற்ற அத்தியாயங்களில் இருக்கும் எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அவள் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்?

“ரெண்டாம் பிரிவ மட்டுந்தானே தொடறோம்? மத்த அத்தியாயமெல்லாம் அப்படியே இருக்கலாம்ல?” என்று கேட்டாள்.

டீ நன்றாக இருந்தது. ஒரு வாய் குடித்தேன்.

“இருக்கலாம்” என்றேன்.

‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிச் சுருக்கொப்பமும் போட்டுக் கொடுத்தேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். போன பிறகு செருப்புப் பெட்டியைத் திறந்தேன். கை சும்மா இருக்கவில்லை. பழைய வரிசையில் 28 தலைமை ஆசிரியர், 29 தற்காலிக ஆசிரியர். இனி 29 என்பது தலைமை ஆசிரியர். விதி 48 என்ன சொல்கிறது? விளக்கம் 29-இல் சொல்லப்பட்டவரின் பணி பள்ளி ஆண்டின் கடைசிப் பணிநாளோடு தானாக முடியும், வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்கிறது. என் தங்கை தன் கையாலேயே எல்லாத் தலைமை ஆசிரியர்களையும், தன்னையும் சேர்த்து, வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். நான் இருபத்தொன்பதாம் அட்டையை எடுத்துச் சிவப்பு மையில் எழுதினேன்: ‘எண் மாற்றம். விதி 48 இனி தலைமை ஆசிரியர்மீது பாயும்.’ பக்கத்தில் தேதி போட்டேன். ஒன்பது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், மறைப்பானேன்.

வரைவு, கருத்துக் கேட்பதற்காக எல்லாத் தலைமை ஆசிரியர்களுக்கும் போனது. மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, எதையும் எழுத்தெண்ணிப் படிக்கும் ஒரு சிடுமூஞ்சித் தலைமை ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. ‘ஐயா, இருபத்தாறு வருடப் பணிக்குப் பின் நான் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிந்து மகிழ்ந்தேன். மேலும் விதி 71-இன்படி விளக்கம் 45-க்கு வாரம் ஒருமுறை சக்கரங்களில் காற்று சரிபார்க்க வேண்டும். விளக்கம் 45 இப்போது பள்ளி வளாகம். எங்கள் வளாகம் மூன்று ஏக்கர். காற்று எந்தப் பக்கம் அடிப்பது என்று தெரிவிக்கவும்.’ பழைய 45 பள்ளி வாகனம்.

அதை அவர் எல்லோருக்கும் நகல் அனுப்பியிருந்தார். ஆயிரத்து இருநூறு பள்ளிகளிலும் சிரித்தார்கள். எங்கள் வாயில்காப்பாளர்கூடச் சிரித்தார். என் தங்கைக்கு ‘டயர் டீச்சர்’ என்று பெயர் விழுந்து, அவள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரை அது போய்விட்டது. நான் எதிர்பார்த்ததற்கு மேலேயே கிடைத்தது. முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் இயக்குநர் அறையில் கூடினோம். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் வரைவு சபைக்குப் போக வேண்டும். எங்கெங்கே எந்த எண் இருக்கிறது என்று தேடித் திருத்த மூன்று மாதமாகும் என்றார் சட்ட ஆலோசகர்.

“அப்ப வாபஸ் வாங்கிடலாம். பழசே இருக்கட்டும்” என்றார் இயக்குநர்.

தங்கையின் முகம் வீங்கியிருந்தது. அழுதுவிட்டு வந்திருந்தாள்.

“சார், என்னைய நீக்கிடுங்க, பரவால்ல. அந்த ஒரு சொல்ல மட்டும் விட்டுறாதீங்க. என் ஸ்கூல்லயே பதினாலு பிள்ளைங்க அப்படி உக்காந்திருக்குது.”

“அந்த ஒரு சொல்லச் சேத்ததாலதானம்மா இவ்வளவு வம்பும்?” என்றவர், வரைவின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி என் சுருக்கொப்பத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே? உங்க கண்ணுக்கு எப்படித் தப்பிச்சுது?”

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

“அவமேல தப்பில்ல சார். அக்காவுக்குக் கண்ணு ரெண்டுலயும் புரை. வெளிய சொல்லிக்காம வேலை பாக்கறா. எனக்குத் தெரிஞ்சும் நாந்தான் அவள அவசரப்படுத்திட்டேன்.”

என் கண்ணில் புரையும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பொய் சொல்கிறாள். இயக்குநரின் குரல் அப்படியே இளகியது. “அடடா, சொல்லியிருக்கலாமேம்மா. தபால் பிரிவுல இலகுவான வேலை இருக்கு, மாத்தித் தரச் சொல்றேன்” என்றார். சட்ட ஆலோசகர் மறுபடி உச்சுக்கொட்டினார்.

பத்தொன்பது வருஷம். ஒரு காற்புள்ளி என்னை ஏமாற்றிவிட்டுப் போனதில்லை. பார்த்தேன் என்று சொன்னால் நான் பாவி, பார்க்கவில்லை என்றால் குருடி. இவளுடைய இரக்கத்தில் குருடியாக உட்கார்ந்திருப்பது என்னால் முடியவில்லை. பதினாலு பிள்ளைகளை நினைத்து எழுந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ரோஷத்தில்தான் எழுந்தேன்.

“மூணு மாசமெல்லாம் வேண்டாம். நாளைக்கு மத்தியானம் முடிச்சுத் தரேன். எல்லா எண்ணும் என் பெட்டியில இருக்கு” என்றேன்.

அலமாரியைத் திறந்த பிறகுதான் இருபத்தொன்பதாம் அட்டை நினைவுக்கு வந்தது. சிவப்பு மை, தேதி, என் கையெழுத்து. புதிதாக ஓர் அட்டை எழுதி வைத்துவிடலாம். ஆனால் அதற்கு என்ன தேதி போடுவது? பொய்த் தேதி போட என் கை வராது. தங்கைக்குக் குழி வெட்டலாம், தேதியைத் திருத்தக் கூடாது. நான் அப்படிப்பட்ட பிறவி. அட்டையை உருவி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தச் சொல் வரும் பதினோரு இடமும் எனக்கு மனப்பாடம். வாயால் சொல்லிவிட்டால் போயிற்று.

மறுநாள் காலை ஆவண அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவளுக்கு முன்னால் எல்லா அத்தியாயங்களும் விரிந்து கிடந்தன. நான் அட்டையைப் பார்த்து இடத்தைச் சொல்வேன், அவள் எண்ணைத் திருத்துவாள். முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள். ‘மேற்சொன்னதற்கு அடுத்த விளக்கம்’ வந்தபோதெல்லாம், “யாருக்கா இந்த ஆளு?” என்று கேட்டாள். “போய்ச் சேந்துட்டார், திட்டாதே” என்றேன். அவள் சிரித்தாள். அந்தப் பெட்டியை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“பத்தொன்பது வருஷமா இத நீ ஒருத்தியே செஞ்சியா?”

“பின்ன, வாயில்காப்பாளரா வந்து செஞ்சார்?”

“அக்கா, இது மாதிரி ஒண்ணு நான் பாத்ததே இல்ல” என்றாள். உள்ளபடியே சொன்னாள். இதைக் கேட்கத்தான் நான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன். இவள் வாயிலிருந்தா வர வேண்டும்?

இருபத்தெட்டு முடிந்தது. நான் அடுத்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இருபத்தொன்பது இல்லயே?”

“மனப்பாடம். நீ எழுது.”

“மனப்பாடத்த நம்பாதேன்னு நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்த? விழுந்துடுச்சாக்கா? ஒண்ணு தொலைஞ்சா என்ன, இத்தனை வச்சிருக்கியே.”

தொலைந்துவிட்டதாம். என் பெட்டியில் ஓர் அட்டை தொலைந்துவிட்டது என்று அவள் மிக அன்பாக நம்பினாள். நான் கைப்பையைத் திறந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவள் எடுத்துப் படித்தாள். சிவப்பு வரியில் நின்றாள். தேதியில் நின்றாள். பிறகு அவளே அட்டையைப் பார்த்து, பதினோரு இடத்தையும் குரல் பிசகாமல் ஒவ்வொன்றாகப் படித்தாள், ஒவ்வொன்றாகத் திருத்தினாள். விதி 48 வந்தபோதும் அதே குரல். முடித்துவிட்டு அட்டையைப் பெட்டியில் அதன் இடத்தில் சரியாகச் செருகினாள்.

“முப்பது” என்றாள்.

அதற்குப் பிறகு எண்களைத் தவிர நாங்கள் வேறு ஒன்றும் பேசவில்லை. நாலே முக்காலுக்கு வரைவு சபைக்குப் போனது. இயக்குநர் அறையை விட்டு வெளியே வந்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, “காப்பாத்திட்டீங்கம்மா” என்றார். என்னிடம், “கண்ணைப் பாத்துக்குங்க” என்றார். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. வெட்கம்கெட்ட வயிறு.

படிக்கட்டில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

“ஒன்பதாந்தேதி. நான் டீ வாங்கிட்டு வந்து கேட்டேன்” என்றாள்.

“கேட்ட.”

“எம்மேல அவ்வளவு பொறாமையாக்கா?”

“ஆமா.”

“எப்பலேருந்து?”

“நீ பொறந்ததுலேருந்து.”

அவள் சிரிப்பாள் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன். சிரிக்கவில்லை. எனக்கு வாய் நிற்கவில்லை. “அந்தச் சொல்ல பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே நான் எழுதி அனுப்பினேன். வேண்டாம்னு திருப்பிட்டாங்க” என்றேன். அதைச் சொன்னால் பாதி கணக்கு தீர்ந்துவிடும் போல அவசரமாகச் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கிட்ட சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா, மொத வரியில உன் பேரச் சொல்லித்தானே ஆரம்பிச்சிருப்பேன்?”

சொல்லியிருப்பாள். அது எனக்குத் தெரியும். சின்ன வயசில் நான் எதைச் செய்தாலும், பென்சிலை ஒளித்தாலும் தலைமுடியை இழுத்தாலும், ஓடிப்போய் அம்மாவிடம் போட்டுக்கொடுப்பாள். அம்மா என்னை வெளுத்து வாங்குவாள். பத்து நிமிஷத்தில் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். எல்லாம் அத்தோடு சரியாகிவிடும்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்” என்றாள். இறங்கிப் போனாள். கீழே வாயில்காப்பாளர் எழுந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் மேலே திரும்பி வந்தேன். பிரிவில் யாரும் இல்லை. பெட்டியை அலமாரியில் வைக்குமுன் இருபத்தொன்பதாம் அட்டையை எடுத்து, சிவப்பு வரிக்குக் கீழே, ‘அன்றே பார்த்தேன். கேட்டும் சொல்லவில்லை’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன்.